ஏலத்துக்குப் போன முதுகு

அத்தியாயம் 9

"படத்த நான் ஆண்டவருக்குக் குடுத்துட்டேன், மக்கா."

திங்கள்கிழமை சாயங்காலம் மாமியார் ராஜபாய் இப்படிச் சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டதையும், பிளஸ்ஸி கூடத்தில் படங்களை ஒவ்வொன்றாக எண்ணியதையும் போன வாரம் பார்த்தோம். அன்று அவள் சரியாகத் தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மறுபடியும் போய்ப் படங்களை எண்ணிப் பார்த்தாள். எண்ணினால் மட்டும் வந்துவிடுமா? பெரிய படத்தைக் காணவில்லை என்றால் காணவில்லைதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பிளஸ்ஸிக்கு ஆரல்வாய்மொழியில் வேலை. காற்றாலைக் கம்பெனி ஒன்றின் கண்ட்ரோல் ரூமில், எந்தக் காற்றாடி சுற்றுகிறது, எது நின்றுவிட்டது என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீடு ஒழுகினசேரியில். படம் வரைய அவளுக்கு வாய்த்த நேரம் போகிற பஸ்ஸும் வருகிற பஸ்ஸும்தான். பின் சீட்டில் இருப்பவளுக்கு யார் முகம் கிடைக்கும்? முதுகுதான் கிடைத்தது. பூக்காரியின் முதுகு, போலீஸ்காரரின் முதுகு, பரீட்சைக்குப் படித்துக்கொண்டே போகிற பெண்ணின் முதுகு. பஸ்ஸில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்து, ஓய்வு நாட்களில் மாடி அறையில் வண்ணம் தீட்டினாள். அப்படிச் சேர்ந்த முதுகுகளைத்தான் வரும் சனிக்கிழமை நாகர்கோவிலில் ஒரு ஹாலில் காட்சிக்கு வைக்கப்போகிறாள். அவளுடைய முதல் தனிக் கண்காட்சி.

அதில் பெரியது, அவளுக்கே பிடித்தது, ஹாலின் முன்சுவருக்கென்று வைத்திருந்தது ஒரு வயதான மனிதரின் முதுகு. வெள்ளைச் சட்டை. தோளுக்கு மேலே ஒரு குழந்தையின் கை வந்து சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருக்கும். குழந்தை தெரியாது, கை மட்டும்தான்.

அந்தப் படத்தைத்தான் ராஜபாய் ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகையில் முதற்பலன் என்று சர்ச்சில் கொண்டுபோய் வைத்துவிட்டார். வீட்டில் முதலில் விளைந்தது எதுவானாலும் ஆண்டவருக்கு. முதல் தேங்காய்க் குலை, கோழி இட்ட முதல் முட்டை, மகனின் முதல் சம்பளத்தில் ஒரு பங்கு. ஆராதனை முடிந்ததும் வாசலில் பந்தல் போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். மருமகளின் முதல் கண்காட்சிக்கும் முதற்பலன் வைக்க வேண்டும் என்று ராஜபாய்க்குத் தோன்றியிருக்கிறது.

"மாமி, முதற்பலன்னா நான் முதல்ல வரைஞ்சதத்தானே குடுக்கணும்? இது கடைசியா வரைஞ்சதுல்லா?"

ராஜபாய் புட்டைக் குழலிலிருந்து தட்டில் தள்ளினார். "நல்லதத்தான் குடுக்கணும். கெட்டதயா ஆண்டவருக்குக் குடுப்பாவ?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா தருவியா?"

இந்த மாமியார் போன வாரம்வரை ஒரு படத்தைக்கூட நின்று பார்த்தவரில்லை. முகம் இல்லாத படம் என்ன படம் என்று கேட்டவர். போன சனிக்கிழமை பேக்கிங்குக்காக எல்லாவற்றையும் மாடியிலிருந்து இறக்கிக் கூடத்துச் சுவரில் சாத்தி வைத்தபோதுதான் முதல்முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுநாள் பிளஸ்ஸிக்கு டியூட்டி. காற்று சீசனில் ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. அவள் அங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே காரியம் முடிந்துவிட்டது.

கணவன் டெனிஷ் புட்டில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நீங்களும் சர்ச்சுல இருந்தீங்கல்லா? ஒண்ணு சொல்லப்பிடாதா?" என்று அவனைக் கேட்டாள்.

"அம்மைக்க விருப்பம். விடு பிளஸ்ஸி. வேற ஒண்ணு வரை."

"சனிக்கிழமைக்குள்ளயா?"

அவன் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வடசேரியில் இருக்கும் தன் பேட்டரிக் கடைக்குக் கிளம்பிவிட்டான்.

இந்த வீட்டில் கேட்ட கேள்விக்கு நேரான பதில் வராது என்பது கல்யாணமான புதிதிலேயே பிளஸ்ஸிக்குத் தெரிந்த சங்கதி. மாமனார் ஞானையன் எங்கே என்று கேட்டதற்கே இன்றுவரை பதில் இல்லை. இவள் இந்த வீட்டுக்கு வருமுன்பே, கொல்லத்துக்கு யாவாரமாகப் போகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. அதுவும் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும். செத்துவிட்டார் என்றும் சொல்ல மாட்டார்கள், இருக்கிறார் என்றும் சொல்ல மாட்டார்கள். சுவரில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

பஸ் வருவதற்கு முன்னால் பிளஸ்ஸி சர்ச்சுக்கு ஓடினாள். சபைச் செயலர் முத்துநாயகம் ஏலப் பந்தலைப் பிரிப்பதை மேற்பார்வையிட்டுக்கொண்டு நின்றார்.

"ஆண்டவருக்குன்னு வச்சதத் திரும்பக் கேக்கப்பிடாதும்மா."

"திரும்ப வேண்டாம் அய்யா. எடுத்தது யாருன்னு சொன்னா போதும். சனிக்கிழமைக்கு இரவலாக் கேட்டு வாங்கிக்கிடுவேன்."

முத்துநாயகத்துக்கு அதில் ஆட்சேபம் தோன்றவில்லை. "சேவலுக்கும் ஏத்தவாழக் கொலைக்கும் நடுவுல வந்துது உனக்க படம். என்னன்னு சொல்லி ஏலம் விட? தூக்கிப் பிடிச்சு, முதுகு ஒண்ணுன்னு விட்டேன். எல்லாரும் சிரிச்சாவ. பொறவு பாத்தா, சேவலவிட நல்ல வெலைக்குப் போச்சு."

"யாரு எடுத்தா?"

"நம்ம ஆட்டோ ஷைஜுதான்."

ஷைஜு டெனிஷோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், பிளஸ்ஸியை அண்ணி முறை வைத்து மைனி என்பான். ராஜபாயை ஞாயிறுதோறும் சர்ச்சில் கொண்டு விடுவது அவன் ஆட்டோதான். படத்தையும் அதில்தான் ஏற்றிப் போயிருப்பார்கள். அவன் இந்தச் சபைக்காரன் அல்ல. ஆனாலும் வருஷாவருஷம் ஏலத்துக்கு வருவான், சேவலுக்காக. சேவலை விட்டுவிட்டு முதுகை எதற்கு எடுத்தான்?

அங்கேயே நின்று போன் போட்டாள்.

"மைனி, சவாரியில இருக்கேன். பொறவு விளிக்கேன்."

"ஒரே ஒரு வார்த்த ஷைஜு. படம் உங்கிட்டயா இருக்கு?"

"அது... பாக்க நல்லா இருந்துது மைனி. எடுத்தேன்."

"இப்ப எங்க?"

"பத்திரமா இருக்கு."

"அதான் எங்க?"

போன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் வழக்கமான சீட் கிடைத்தது, பென்சிலை எடுக்கத்தான் தோன்றவில்லை. முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் இருந்த இடத்தில் இன்று ஒரு காலேஜ் பையன். அவர் புதன்கிழமைகளில் மட்டும்தான் வருவார். வடசேரியிலேயே ஏறிவிடுவார் போல, பிளஸ்ஸி ஒழுகினசேரியில் பின்வாசலில் ஏறும்போதே முன்னால் இருப்பார். ஆரல்வாய்மொழியில் அவள் இறங்கும்போதும் அப்படியே இருப்பார். வள்ளியூர்ப் பக்கம் போகிறவராக இருக்கும். முகத்தை அவள் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. முதுகே போதும் என்று மாதக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தாள்.

ஆபீஸில் அன்றைக்கு நல்ல காற்று. காற்று நன்றாக அடிக்கிற நாளில்தான் இயந்திரம் நிற்கும். எட்டாம் நம்பர் காற்றாடி நின்றது. பிளஸ்ஸி பதினெட்டாம் நம்பருக்கு ஆளை அனுப்பிவிட்டாள். அவன் அவ்வளவு உயரமும் ஏறிப் போய், இங்கே எல்லாம் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது என்று மேலேயிருந்து போன் செய்தான்.

சைட் மேனேஜர் பெர்லின் அவள் மேசைக்கு வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏறினவன் இப்ப எறங்கணும். எறங்கி இன்னொண்ணுல ஏறணும். உங்க மனசு இங்க இல்ல மேடம்."

"தப்புதான் சார்."

"வியாழன், வெள்ளி லீவு கேட்டிருக்கீங்க. இந்தக் காத்துல எப்படித் தர? வியாழன் அரை நாள் எடுத்துக்கிடுங்க."

"படம் எல்லாம் மாட்டணும் சார்."

"ஆணி அடிக்க அரை நாள் போதாதா?"

போதும் என்று சொல்வதா, போதாது என்று சொல்வதா என்று யோசிப்பதற்குள் அவர் போய்விட்டார். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது ஹாலை நடத்தும் ஆன்ஸ்லினிடமிருந்து போன் வந்தது.

"முன்சுவர வெறுமையா விட்டிருக்கேன் பிளஸ்ஸி. அந்தப் பெரிய படம் எப்ப வரும்?"

"ஒரு சின்னப் பிரச்சினை ஆன்ஸ்லின். வந்துரும்."

"உள்ள வாற ஆள நிறுத்தப்போறதே அதுதான். அது இல்லன்னா சொல்லு, நான் சுவரையே மாத்தி யோசிக்கணும். வியாழன் மத்தியானத்துக்குள்ள."

அது கிடைக்காவிட்டால் கண்காட்சியே வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஒரு படத்துக்காக மற்ற எல்லாவற்றையும் விடுவதா? அந்த ஒன்று இல்லாமல் மற்றவற்றை வைத்து என்ன செய்ய? இரண்டும் அவளுக்குச் சரியாகவே பட்டன. சாப்பிடாமலே பாத்திரத்தை மூடினாள்.

சாயங்காலம் ஒழுகினசேரியில் இறங்காமல் நேரே வடசேரிக்குப் போனாள். ஷைஜுவைப் பிடிக்க டெனிஷால்தான் முடியும். கடை வாசலில் ஷைஜுவின் ஆட்டோ நின்றது. இவளைக் கண்டதும் ஷைஜு டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனான். மைனி என்றுகூடச் சொல்லவில்லை.

"அவனுக்கு என்ன வந்துது? படம் அவன்ட்டதான் இருக்கு. நீங்க கேட்டு வாங்கித் தாங்க."

டெனிஷ் கடையின் உள்ளறைக்குப் போனான். அவளும் பின்னால் போனாள். அவன் குனிந்து பேட்டரி அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினான். தலைக்கு மேல் பல்ப் எரிந்தது.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவள் இத்தனை வருஷமாகப் பார்த்தது ஹெல்மெட்டைத்தான். வீட்டில் அவன் எதிரே இருப்பான், அல்லது மொபைலைப் பார்த்துப் படுத்திருப்பான். இப்படிக் குனிந்த தலையை, விளக்கு வெளிச்சத்தில், பின்னாலிருந்து அவள் நின்று பார்த்ததில்லை. உச்சியில் இரட்டைச் சுழி. வலது தோளைவிட ஒரு பொட்டு இறங்கிய இடது தோள். கழுத்தில் குறுக்கே ஓடும் அந்த மடிப்பு. சன்னத் தூரிகையை வைத்துக்கொண்டு அந்த இரண்டு சுழிகளோடும் அவள் எத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறாள். படத்தில் முடி மட்டும்தான் வெள்ளை.

அவன் படத்தை வெளியே இழுத்தான். வீட்டுப் போர்வையில் சுற்றியிருந்தது.

"ஷைஜு உங்களுக்காகத்தான் எடுத்தானா?"

"ஆமா."

"இது யாருக்க முதுகு?" கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்க அப்பாவுக்கது." அவன் போர்வையைப் பிரிக்கவில்லை. "சைக்கிள் காரியர்ல இருந்து பாத்த முதுகு எனக்குத் தெரியாதா? பந்தல்ல தூக்கிக் காட்டினப்போ எல்லாரும் சிரிச்சாவ. எனக்குக் கை கால் ஓடல. ஷைஜுவ விளிச்சு, எவ்வளவானாலும் விடாதடேன்னு சொன்னேன்."

பிளஸ்ஸி ஒரு பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ஆள எங்க பாத்த?"

"பஸ்ல. புதன்கிழமை புதன்கிழமை."

"நம்ம வீட்டுப் பக்கமா போற பஸ்ஸா?"

"ஆமா."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "அம்ம பாவம். கண்ணு சரியா தெரியாததுனால ஒண்ணும் அறியாம முதற்பலன்னு கொண்டு குடுத்துட்டா. அவளுக்குத் தெரியப்பிடாது. இத நீ மாட்டாண்டாம். நாளையில இருந்து அந்த பஸ்ல போகவும் வேண்டாம், நான் பைக்ல கொண்டு விடுகேன்."

"இது நான் வரைஞ்ச படம்."

"இது எனக்க அப்பா."

இரண்டும் உண்மைதான், கஷ்டமே அதுதான். சனிக்கிழமை மாமி முதல் ஆளாக ஹாலுக்கு வந்து நிற்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். எழுந்து வெளியே வந்தாள். மாதக்கணக்கில் மாமனாருக்குப் பின்னால் உட்கார்ந்து, பென்சிலை நீட்டி நீட்டி அவர் கழுத்தை அளந்திருக்கிறோம் என்று நினைக்க உடம்பு கூசியது. அவ்வளவு சரியாக வந்திருக்கிறதே படம், மகனே பார்த்ததும் கண்டுகொள்ளும்படி வந்திருக்கிறதே என்று கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. அதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும் சந்தோஷம் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ராஜபாய் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"படம் கெடச்சுதா?"

"இல்ல மாமி."

"ஏன், டெனிஷ் தரலியா?"

பிளஸ்ஸியின் தோளிலிருந்து பை நழுவித் தரையில் விழுந்தது. ராஜபாய் நிமிரவில்லை.

"அந்த ஷைஜு சேவலுக்கே யோசிச்சு யோசிச்சு கை தூக்குகவன். முதுகுக்கு, கைய கீழ போடாம நின்னான். யாருக்காகன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"மாமி, அப்போ உங்களுக்கு..."

"கல்யாணம் கழிஞ்ச நாள் முதலா சர்ச்சுக்கு அவிய முன்னால போவாவ, நான் பின்னால போவேன். அவியளுக்க முகம் வேணும்னா மறந்து போகும்." கீரைக் காம்பை ஒடித்து ஒரு பக்கம் போட்டார். "ரெட்டச் சுழி மாப்பிள்ளைக்கு ரெண்டு பொண்டாட்டின்னு எனக்க கல்யாண வீட்ல சிரிச்சாவ. நானும் சேந்து சிரிச்சேன்."

பிளஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கிளையை எடுத்துக்கொண்டு அவளும் உருவினாள்.

"வீட்ட விட்டுப் போனா போதும்னுதான் கொண்டு வச்சேன். ஆண்டவருக்குக் குடுத்துட்டா திரும்பி வராதுன்னு நெனச்சேன். எனக்க மவனே திருப்பி எடுத்துட்டான். அம்மைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கான், இல்லியா?"

"ஆமா."

"நெனச்சிக்கிடட்டும். நீ சொல்லாத."

அம்மாவிடம் சொல்லாதே என்று மகன், மகனிடம் சொல்லாதே என்று அம்மா. இரண்டு வாக்கையும் வைத்துக்கொண்டு இதே வீட்டில் நாளைக்கு எழுந்து நடமாட வேண்டும். படத்தை மாட்டுவதா வேண்டாமா என்று அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. வியாழன் மத்தியானத்துக்குள் ஆன்ஸ்லினுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். நேராச் சொல்லு." ராஜபாயின் கை இப்போதுதான் நின்றது. "அந்தக் காலரப் பிடிச்சிருக்க கை. அது யாருக்கது?"

"தெரியாது மாமி. சின்னப் பிள்ள. எப்பவும் அவுங்க மேல சாஞ்சு தூங்கிட்டு வரும்."

"பக்கத்துல வேற யாரும் உண்டா?"

"இல்ல. அவுங்க ரெண்டு பேருந்தான்."

"பொம்பளப் பிள்ளையா?"

"கையில கருவள கெடக்கும். படத்துல நான் அத வரையல."

ராஜபாய் உருவிய கீரையை முறத்தில் பரப்பி, அதில் கிடந்த பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்க வேண்டிய அளவுக்குப் பழுத்த இலை அதில் இல்லை.

"எந்தக் கெழம வருவாவ?"

மறைத்துப் பிரயோஜனமில்லை என்று பிளஸ்ஸிக்குத் தெரிந்தது. "புதன்."

"நாளைக்குப் புதனாச்சே."

அவர் எழுந்து கையைக் கழுவினார். அறைக்குப் போய், பீரோவைத் திறந்து, ஆராதனைக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் விரித்துப் போட்டார். பண்டிகைக்கு உடுத்திய மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது.

"மாமி, நாளைக்கு அந்த பஸ்ல போகாண்டாம்னு அவுங்க சொல்லியிருக்காங்க. பைக்ல கொண்டு விடுவாங்களாம்."

"நீ அவன்கூட பைக்ல போ. அவன் சொன்னதக் கேட்ட மாதிரியும் ஆச்சு. நான் பஸ்ல போய்க்கிடுவேன்."

"போய் என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யமாட்டேன். இருந்து பாப்பேன்." ராஜபாய் சேலையின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார். "நீ எந்த சீட்டுல இருந்து வரைஞ்சியோ, அத மட்டும் சொல்லித் தா. உனக்க படத்த மாட்டணுமா வேண்டாமான்னு எறங்கினப்பொறவு நான் சொல்லுகேன்."

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. டெனிஷின் பைக் உள்ளே வந்து நின்றது. ராஜபாய் சேலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்து, மருமகளின் முகத்தையே பார்த்தபடி நின்றார். டெனிஷ் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். பிளஸ்ஸி இன்னும் சீட்டைச் சொல்லவில்லை.